நெடில் பத்து, குறில் ஒன்று: பழைய மகிழுந்துகளின் குறியீட்டு வரலாறு



வழக்கமாக இப்பக்கத்தில் இலக்கணத்தையும் ஊர் வரலாற்றையும் பற்றி எழுதுவேன். இம்முறை மகிழுந்தைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் இயந்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அதை எனக்குக் கற்பித்தவர் என் முன்னாள் மாணவர் ஒருவர். ஒரு காலத்தில் அவருடைய மதிப்பெண் பதிவேட்டில் ‘கவனமின்மை’ என்று எழுதிய கை என்னுடையதே. அதனைக் கட்டுரையின் இறுதியில் கூறுகிறேன். முதலில் நிகழ்ச்சி.

1. கிள்ளானில் ஒரு மாலைப் பொழுது

என்னிடம் நெடுங்காலம் ஒரு பழைய புரோட்டோன் வீரா இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் வெளிவந்த 1.6 லிட்டர் வண்டி. ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முகப்புப் பலகையில் இயந்திர வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நின்றுவிடவில்லை. ஆனால் அடுத்த சில நாள்கள் காலையில் முடுக்கும்போதெல்லாம் இரண்டு மூன்று முறை தயங்கியது.

ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்தவர் கையடக்கச் சோதனைக் கருவி ஒன்றை எடுத்து, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கீழ்ப்பகுதியில் இருந்த பதினாறு துளைச் செருகியில் பொருத்தினார். கருவியின் திரையில் ‘தொடர்பு இல்லை’ என்னும் பொருள்பட ஒரு வரி தோன்றியது. மீண்டும் பொருத்திப் பார்த்தார், அதே வரி. “கம்ப்யூட்டர் போயிருச்சி. மாத்தணும்” என்றார். அவர் சொன்ன தொகை, என் வண்டியின் அன்றைய மதிப்பில் கணிசமான பங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று கூறி வெளியேறினேன்.

பிறகுதான் கிள்ளானில் சிறிய பட்டறை வைத்திருக்கும் என் முன்னாள் மாணவர் நினைவுக்கு வந்தார். சென்று பார்த்தேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. ஒரு விரல் நீளத்திற்குக் கம்பி ஒன்றை எடுத்தார். அதே பதினாறு துளைச் செருகியில் எண்ணிப் பார்த்து இரண்டு துளைகளை இணைத்தார். சாவியைத் திருப்பினார், இயந்திரத்தை முடுக்கவில்லை. முகப்புப் பலகையின் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. நீளமாக ஒன்று, நீளமாக இன்னொன்று, சற்று இடைவெளி, பிறகு குறுகியதாக ஒன்று. மீண்டும் அதே வரிசை.

“இருபத்தொண்ணு சார். தண்ணி சூடு பாக்குற சென்சர். கம்ப்யூட்டர் நல்லாதான் இருக்கு. செத்துப்போன கம்ப்யூட்டர் கண்ண சிமிட்டுமா?”

நான் வியந்து நின்றேன். நீளமானது பத்து, குறுகியது ஒன்று. நெடிலும் குறிலும்! மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேர அளவு என்று தொல்காப்பியம் வகுத்ததை எத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லியிருக்கிறேன்! அந்த மாத்திரைக் கணக்கை ஒரு மகிழுந்து என் கண் முன்னே இமைத்துக் காட்டியது. அன்று வீடு திரும்பிய பின் இந்தக் குறியீடுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை.

2. விளக்கு பிறந்த கதை

இவ்விளக்கின் வரலாறு பட்டறையில் தொடங்கவில்லை, புகையில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒருவகைப் புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. காரணம் முதலில் விளங்கவில்லை. நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர், 1950களின் தொடக்கத்தில் விடை கண்டார். வாகனங்களிலிருந்து முழுமையாக எரியாமல் வெளியேறும் எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது என்பதே அவ்விடை. அதற்கு முன்னர் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்தவர் அவர். பிற்காலத்தில் கலிபோர்னியக் காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் ஆனார்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கினரும் புகைமூட்டத்தை அறிவோம். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அது காட்டுத்தீயால் வந்த புகை. லாஸ் ஏஞ்சலஸ் புகையோ அன்றாடம் அவரவர் ஓட்டிய வண்டியிலிருந்து வந்தது.

1970ஆம் ஆண்டு அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அந்நாட்டுக் கார்களில் புகைபோக்கிக் குழாயினுள் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. நச்சு வளிகளை வேதிவினையால் மாற்றும் பெட்டி அது. அதன் மேம்பட்ட வகை ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால், ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதம் இடைவிடாமல் காக்கப்பட வேண்டும். கார்புரேட்டர் என்பது திருகாணிகளும் மிதவையும் கொண்ட கருவி. அத்தகைய நுண்கணக்கு அதனால் இயலாது. எனவே புகைக்குழாயில் உயிர்வளியை அளக்கும் உணரி வந்தது. 1970களின் பிற்பகுதியில் வால்வோ நிறுவனக் கார்களில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. உணரி சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கணினியும் வந்தது.

கணினி வந்ததும் புதிய சிக்கல் வந்தது. கார்புரேட்டர் கெட்டால் கையால் கழற்றிப் பார்க்கலாம். மூக்கால் முகர்ந்தே சிலர் சொல்லிவிடுவர். மூடிய பெட்டிக்குள் இருக்கும் கணினி எதை நினைக்கிறது என்று எப்படி அறிவது? அதற்காகவே கணினிக்கு ஒரு சிறு மொழி தரப்பட்டது. ஓர் உணரியிலிருந்து வரும் மின்னழுத்தம் இருக்கவேண்டிய எல்லைக்குள் இல்லையென்றால், கணினி ஓர் எண்ணை நினைவில் பதித்துக்கொண்டு விளக்கை ஏற்றும். 1981ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் அமெரிக்கப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய கணினியை வழங்கியது.

3. ஆளுக்கொரு மொழி

கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் இவ்வகைத் தற்சோதனை ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் எண்ணுக்கு என்ன பொருள், செருகி என்ன வடிவில் இருக்க வேண்டும் என்பவற்றை அது வரையறுக்கவில்லை. எனவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்துக்கொண்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் செருகியின் இரண்டு குறிப்பிட்ட முனைகளை ஒரு காகிதக் கவ்வியால் இணைத்தாலே போதும். விளக்கு முதலில் 12 என்ற எண்ணை மூன்று முறை சிமிட்டும். கணினி விழித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பின்னர் பிழை எண்கள் வரும்.

டொயோட்டாவிலும் இரண்டு முனைகளை இணைக்க வேண்டும். பிழை இல்லையென்றால் விளக்கு சீராகச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இருந்தால் 22 என்று வந்து குளிர்விப்பு நீரின் உணரியைக் காட்டும். 41 என்று வந்து காற்று வாயிலின் உணரியைக் காட்டும்.

ஹோண்டாவின் பழைய வகைகளில் கணினிப் பெட்டியிலேயே ஒரு சிறு சிவப்பு விளக்கு இருந்தது. பிறகு வந்தவற்றில் முகப்பு விளக்கே சிமிட்டியது. அங்கே குளிர்விப்பு நீருக்கு எண் 6.

மிட்சுபிஷியில் அதே உணரிக்கு எண் 21. ஏறத்தாழ ஒன்றரை வினாடி நீடிக்கும் துடிப்பு பத்து. அரை வினாடித் துடிப்பு ஒன்று. 11 உயிர்வளி உணரி, 12 காற்றோட்ட உணரி, 14 காற்று வாயில், 22 சுழல்தண்டின் கோணம், 31 இயந்திரத் தட்டல், 41 எரிபொருள் தெளிப்பான். தொடக்க கால வகைகளில் விளக்கைச் சிமிட்ட வைக்கும் வசதியும் இல்லை. பன்னிரண்டு முனைச் செருகியில் முள் வைத்த மின்னழுத்தமானியைப் பொருத்தி, முள் எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ண வேண்டும். எண் திரை கொண்ட புதிய மானி இதற்கு உதவாது. திரையில் இலக்கம் மாறுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும்.

ஒரே நோய்க்கு டொயோட்டாவில் 22, ஹோண்டாவில் 6, மிட்சுபிஷியில் 21. மிட்சுபிஷியில் 22 என்பதோ வேறொரு நோய். அக்காலத்துப் பட்டறைக்காரர் ஒருவர் எத்தனை வாய்பாடுகளை மனத்தில் சுமந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

4. நம் நாட்டின் இடைக்காலம்

இனி மலேசியாவுக்கு வருவோம். புரோட்டோன் நிறுவனம் 1983ஆம் ஆண்டு மே மாதம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதல் காரான சாகா 1985 ஜூலை 9ஆம் நாள் வெளியீடு கண்டது. மிட்சுபிஷி லான்சர் பியோரேவை அடிப்படையாகக் கொண்டது அது. அதில் கார்புரேட்டர்தான், இயந்திரக் கணினி இல்லை. 1994ஆம் ஆண்டில் வந்த பெரோடுவா கஞ்சிலும் தொடக்கத்தில் அப்படியே. 660 வகையைச் சேர்ந்த சிறிய இயந்திரம், கார்புரேட்டர்.

இவ்விரண்டுக்கும் இடையில், 1993 மே மாதத்தில் வீரா வந்தது. அதன் 1.3, 1.5 லிட்டர் வகைகள் தொடக்கத்தில் கார்புரேட்டருடனேயே விற்கப்பட்டன. 1.6 லிட்டர் வகையில் மட்டும் மின்னணு எரிபொருள் தெளிப்பும், அதனை ஆளும் கணினியும் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வண்டி. முன்மூடியைத் திறந்தால் ஒன்று பழைய உலகம், மற்றொன்று புதிய உலகம். பின்னர்ப் படிப்படியாக மற்ற வகைகளுக்கும் எரிபொருள் தெளிப்பு வந்தது.

இம்மாற்றத்திற்குப் பின்னால் ஈயத்தின் கதையும் உண்டு. இயந்திரத் தட்டலைத் தடுக்கப் பெட்ரோலில் ஈயக் கலவை சேர்க்கும் வழக்கம் 1920களில் தொடங்கியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. வினையூக்கி மாற்றியையும் அது பாழாக்கிவிடும். மலேசியா 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1985இல் பெட்ரோலிலுள்ள ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்த விதிமுறை கொண்டுவந்தது. 1990களில் ஈயமற்ற பெட்ரோல் பரவியது. 1996இல் பெட்ரோல் இயந்திரங்களின் புகை வெளியேற்றத்திற்குத் தனி விதிமுறைகள் வந்தன. உலகில் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021 ஜூலையில் அதனை நிறுத்திக்கொண்டது. நம் முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கைக் கொண்டுவந்த அதே மாற்றம், சாலையோரப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் சேர்வதையும் குறைத்தது. ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றை அறிய வேண்டியதற்கு இஃது ஒரு காரணமே போதும்.

5. பதினாறு துளைகளின் மயக்கம்

அமெரிக்காவில் 1994 முதல் படிப்படியாகவும், 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் முழுமையாகவும் இரண்டாம் தலைமுறைத் தற்சோதனை முறை கட்டாயமாயிற்று. இதனைச் சுருக்கமாக ‘ஓபிடி-2’ என்பர். இம்முறை மூன்றைப் பொதுவாக்கியது: செருகியின் வடிவம், கணினியோடு பேசும் முறைகள், எண்களின் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2000, 2001ஆம் ஆண்டுகளில் பெட்ரோல் கார்களுக்கு இதனையொத்த விதியை நடைமுறைப்படுத்தியது.

புதிய குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இடங்களும் கொண்டது. இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் சார்ந்தவை ‘பி’ என்னும் எழுத்தில் தொடங்கும். அடுத்த இடம் பூச்சியமானால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. ஒன்றானால் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் தனிக் குறியீடு. மூன்றாம் இடம் உறுப்புத் தொகுதியைக் காட்டும்: 1 காற்றும் எரிபொருளும், 3 தீப்பொறி, 4 புகைக் கட்டுப்பாடு, 7 பற்சக்கரப் பெட்டி. மிட்சுபிஷியின் பழைய 21 புதிய முறையில் ‘பி0115’ ஆயிற்று. டொயோட்டாவிலும் ஹோண்டாவிலும் அதே நோய்க்கு அதே எண்தான். ‘பி0301’ என்றால் எந்த நிறுவனத்தின் காரானாலும் முதல் உருளையில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை என்று பொருள்.

இங்கேதான் என் வீராவின் மர்மம் அவிழ்கிறது. 1990களின் நடுப்பகுதியில், ஓபிடி-2 கட்டாயமில்லாத சந்தைகளுக்கும் சில நிறுவனங்கள் பதினாறு துளைச் செருகியைப் பொருத்தத் தொடங்கின. செருகியின் வடிவம் புதியது. உள்ளே பேசப்பட்டதோ பழைய மொழி. என் வண்டியின் கணினிக்கு மிட்சுபிஷியின் சொந்த மொழி மட்டுமே தெரியும். மிட்சுபிஷியின் தனிச் சோதனைக் கருவியால் அதனோடு பேச முடியும். கடையில் வாங்கும் பொதுக் கருவியால் முடியாது. அப்பட்டறையில் நிகழ்ந்தது இதுவே. கருவி கேட்டது ஒரு மொழி; கணினிக்குத் தெரிந்தது மற்றொரு மொழி. மறுமொழி வராததால் கணினி இறந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் கூறமாட்டேன். கருவி சொன்னதை நம்பினார்கள். கருவிக்கு என்ன தெரியாது என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் பெற்றோர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்:

• கார்புரேட்டர் பொருத்திய பழைய சாகாவிலும் கஞ்சிலிலும் படிக்கக் குறியீடே இல்லை. அவற்றுக்குக் ‘கணினிச் சோதனை’ என்று யாரேனும் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

• பதினாறு துளைச் செருகி இருப்பதால் மட்டும் ஒரு வண்டி புதிய முறையைச் சேர்ந்ததாகிவிடாது.

• தெரியாமல் கம்பியை நுழைக்காதீர்கள். பதினாறாம் துளையில் மின்கலத்தின் மின்சாரம் எப்போதும் இருக்கும். தவறான இணைப்பு மின்காப்பு இழையை எரிக்கும், கணினியையும் கெடுக்கக்கூடும்.

• பழைய வகைகளில் மின்கலத்தின் இணைப்பைச் சற்று நேரம் கழற்றினால் பதிந்த எண்கள் அழிந்துவிடும். எனவே பழைய வண்டி வாங்கும்போது விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். சில நாள் ஓட்டிய பிறகும் எரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கே கெட்டிருக்கலாம், கழற்றப்பட்டும் இருக்கலாம்.

6. எண் சொல்வதும் சொல்லாததும்

மீண்டும் கிள்ளான் பட்டறைக்குச் செல்வோம். 21 என்று வந்ததும் உணரியை மாற்றிவிடுவார் என்று எண்ணினேன். அவர் மாற்றவில்லை. முன்மூடியைத் திறந்து, உணரியின் செருகியைக் கழற்றி, மின்தடையை அளந்தார். இவ்வுணரி வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் தன்மையுடையது. 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டே முக்கால் கிலோ ஓம், 80 பாகையில் முந்நூறு ஓம் அளவு இருக்க வேண்டும். அளந்த எண் சரியாகவே இருந்தது. பிறகு செருகியின் உட்புறத்தைக் காட்டினார். ஒரு முனையில் பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டித் துடைத்து, தளர்ந்திருந்த முனையை இறுக்கி, மீண்டும் பொருத்தினார். வேலை முடிந்தது.

“நம்பர் வந்த ஒடனே சாமான மாத்தக்கூடாது சார். அந்த வழியில எங்கயோ தப்பு இருக்குன்னுதான் நம்பர் சொல்லும். சென்சரா, வயரா, சாக்கெட்டான்னு நாமதான் தேடணும்” என்றார்.

இது மிக முக்கியமான கருத்து. கணினி காண்பது மின்னழுத்தத்தை மட்டுமே. அழுத்தம் எல்லை மீறினால் அந்தச் சுற்றின் எண்ணைப் பதிக்கும். சுற்றில் உணரியும் உண்டு, கம்பியும் உண்டு, செருகியும் உண்டு. சில நேரங்களில் காரணம் அச்சுற்றுக்கு வெளியேயும் இருக்கும். உயிர்வளி உணரியின் எண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உணரி நலமாக இருந்து, காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம். உணரி உண்மையைச் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டுக் குப்பைக்குப் போகும். வெடிப்பு அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் அவரிடம் கேட்டறிந்தேன். இச்சுற்று அறுந்தால் கணினி செயலிழந்து நிற்பதில்லை. நீர் 80 பாகையில் இருப்பதாகத் தானே வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுகிறது. அதனால்தான் பகலில் என் வண்டி நன்றாக ஓடியது. இயந்திரம் குளிர்ந்திருந்த காலை வேளையில் மட்டும் தயங்கியது. பழுது எந்நேரமும் இருந்தது. வெளியே தெரிந்ததோ காலையில் மட்டும்.

7. ஒரு குறிப்பேடும் ஒரு பதிவேடும்

வேலை முடிந்த பின் அவர் தம் மேசை அறையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த பள்ளிக் குறிப்பேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். பக்கத்திற்கொரு நிறுவனம். கோடு போட்ட அட்டவணை. இடப்பக்கம் எண், வலப்பக்கம் பொருள். ‘21 – தண்ணி சூடு’, ‘14 – எண்ணெய் மிதிக்குற இடம்’, ‘22 – கிராங்க் கோணம், ஸ்டார்ட் ஆவாது’. யாவும் தமிழில். அவர் வேலை பழகிய பட்டறையில் இருந்த கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தனவாம். சொல் சொல்லாகக் கேட்டறிந்து, தமக்குத் தெரிந்த மொழியில் எழுதி வைத்திருக்கிறார். நான் கரும்பலகையில் கற்பித்த அதே எழுத்து வடிவம். ‘ற’கரமும் ‘ர’கரமும் ஓரிரு இடங்களில் மாறியிருந்தன, திருத்த எனக்கு மனம் வரவில்லை.

இவரைத்தான் நான் ‘கவனமின்மை’ என்று எழுதினேன். அக்காலத்தில் நமக்கு யூபிஎஸ்ஆர் தேர்வே எல்லாமாக இருந்தது. 1988இல் தொடங்கி 2021இல் கைவிடப்படும் வரை, ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒவ்வொன்றையும் அத்தேர்வு சில எழுத்துகளாகச் சுருக்கியது. அவ்வெழுத்துகள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஏதோ ஒரு சுற்றில் சிக்கல் என்பதை அவை சரியாகவே காட்டின. ஆனால் வீட்டிலா, கண் பார்வையிலா, பசியிலா, என் கற்பித்தலிலா என்று நான் தேடவில்லை. எண்ணைப் பார்த்தேன், பையனைக் கடைசி வரிசைக்கு மாற்றினேன். விளக்கின் துடிப்புகளைப் பிழையின்றி எண்ணிய அந்த மனிதருக்குச் சிறுவயதில் கவனமில்லாமலா இருந்திருக்கும்? அன்று அவரிடம் இதைச் சொல்ல முயன்றேன். “அதெல்லாம் விடுங்க சார், தேத்தண்ணி குடிங்க” என்று பேச்சை மாற்றிவிட்டார். அவர் மன்னித்தாரா, மறந்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஆசிரிய நண்பர்களே, இரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் பட்ட பாட்டைப் பற்றி நூல்கள் உள்ளன. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் இரயில்வேத் தொழிலாளர்களைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்து, பட்டறைகளில் உதவியாளராகத் தொடங்கி, கார்புரேட்டரிலிருந்து கணினிக்கு மாறிய இடைக்காலத்தைத் தம் கைகளாலேயே கடந்த தலைமுறையைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறோம்? வீராவின் தயாரிப்பு 2009இல் நின்றுவிட்டது. அவ்வண்டிகள் சாலையிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவை மறையும்போது, அவற்றின் கண் சிமிட்டலைப் படிக்கத் தெரிந்தவர்களின் குறிப்பேடுகளும் பழைய தாள் கடைக்குப் போய்விடும். அக்குறிப்பேடுகள் நம் சமூகத்தின் வரலாற்று ஆவணங்கள்.

எனவே ஒரு சிறு வேண்டுகோள். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு வட்டார வரலாறு குறித்து இடுபணி தரும்போது, அருகிலுள்ள பட்டறைக்கு ஒருமுறை அனுப்புங்கள். இரண்டு கேள்விகள் போதும்: ‘முதன்முதலில் கணினி வைத்த வண்டியை எப்போது பழுது பார்த்தீர்கள்? அதனை யாரிடம் கற்றீர்கள்?’ விடைகளைத் தேதியிட்டு எழுதி வரச் சொல்லுங்கள். குறிப்பேடு இருந்தால் உரியவரின் அனுமதியோடு படம் எடுத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பட்டறை வேலை பழக விரும்பினால், ‘படிப்பு ஏறாதவன் போகும் இடம்’ என்று சொல்லித் தடுக்காதீர்கள். இன்று மலேசியத் திறன் சான்றிதழ் வழி முறையாகப் பயிலும் வாய்ப்பு உண்டு. அங்கும் படிப்புதான் நடக்கிறது.

அன்றைய வேலைக்கு என் மாணவர் இருபது ரிங்கிட் மட்டுமே வாங்கிக்கொண்டார். அவ்வுணரியை நான் அந்த வண்டியை விற்கும் வரை மாற்ற நேரவில்லை.